புதுக் கார்டு போட்ட ஞாயிற்றுக்கிழமை

பொம்மனஹள்ளி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, கம்ப்யூட்டருக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன். ஸ்விட்சைத் தட்டியதும் ஃபேன்கள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

கார்டைக் கழற்றி மாட்டினேன். ரேமைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன். நான்காவது முறையும் அதே கறுப்பு. பத்து நிமிடம் அதன் முன் உட்கார்ந்து, தெரிந்த தமிழ், கன்னட வசவையெல்லாம் கொட்டினேன். கடைசியில் திரைக்கு நேராக முகத்தை வைத்து, "செத்துத் தொலையேன், சனியனே!" என்று கத்தினேன்.

"நான் இன்னாடா பண்ணேன்?" என்றது திரை.

பக்கத்து ஸ்பீக்கரில் அக்காவின் குரல். திரைக்கு மேலே கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கவயல் வீட்டில் அக்கா மாதக்கணக்காகப் படுக்கையில் இருக்கிறாள். நினைத்தபோது என்னைப் பார்க்கட்டும் என்று, அவளுடைய வீடியோ கால் தானாகவே இணையும்படி நான்தான் வைத்திருந்தேன்.

"அக்கா... நான் உனக்குத் தெரியறனா?"

"அப்பலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். நீ கத்தறத பாத்து, பேசவே பயமா இருந்திச்சி."

மேஜைக்கு அடியில் குனிந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. திரையின் கேபிளைப் புதுக் கார்டில் சொருகாமல் பழைய இடத்திலேயே சொருகியிருந்தேன். மாற்றிச் சொருகினேன்.

படம் வந்தது. நான் முகத்தை வைத்துக் கத்திய அதே இடத்தில் அவள் முகம் இருந்தது.

"கம்ப்யூட்டரத்தான் திட்னேன்க்கா."

"சரிடா" என்றாள் அக்கா, நம்பாமல்.