ஒரே பூட்டுக்கு எட்டாவது சாவி

என் தங்கைக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக உருகியதும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூன்று பேர் நின்றால் நான்காமவர் வெளியே நிற்கவேண்டிய ஒரு கடையில், இருபத்தாறு வருடமாகச் சாவி வெட்டுகிறாள். தலைமுடியில் எப்போதும் பித்தளைத் தூள் மின்னும். அவள் போட்டுக்கொள்ளும் நகை அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவள் திடீரென்று கண்ணாடி முன் நிற்க ஆரம்பித்தாள். அதுவும் வியாழக்கிழமைகளில் மட்டும். பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"பஸ் ஓட்டுற ஒருத்தர் வர்றார்க்கா. ஒரே சாவிக்கு வாராவாரம் நகல் கேக்கறார். ஏழு வெட்டிட்டேன். வீட்டுல அவர் ஒருத்தர்தானாம். நல்லா சிரிச்சுப் பேசறார்."

"எல்லார்கிட்டயும் சிரிப்பாரா?"

"அதான் தலைவலியே! பக்கத்துக் கடை நாய்கிட்டகூட சிரிக்கிறார். நான் ஒண்ணு நெனச்சு, அது இல்லேன்னு ஆயிட்டா, அந்தக் கடையில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருவேன்?"

எனக்கோ வேறு சந்தேகம். முப்பது வருடம் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவள் நான். வாங்கியதையே திரும்பத் திரும்ப வாங்குகிறார், நாயைப் பார்த்துச் சிரிக்கிறார். என் பயிற்சியில் இதற்குப் பெயர் காதல் இல்லை, மறதி நோய்.

அடுத்த வியாழன் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். வந்தார். வழுக்கை, மடிப்புக் கலையாத சட்டை, காது வரை சிரிப்பு.

"தம்பி, இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன்மா. இங்க வர்ற கிழமை."

"நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க."

"அக்கா!" என்று இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல்.

மனிதர் பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று தொடங்கி, இரண்டு வரை தப்பில்லாமல் இறங்கிவிட்டு, "பாஸா?" என்றார்.

"மூளைக்கு ஒண்ணுமில்ல. அப்புறம் எதுக்கு இத்தனை சாவி? திறக்கலையா?"

அவர் சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்தார். ஏழும் குலுங்கின. "எல்லாம் தொட்டாலே திறக்குது. வாராவாரம் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வருவேன். வாயத் திறந்தா, 'இன்னொரு சாவி'ன்னுதான் வருது." குரல் இறங்கியது. "சிரிப்பு ஊருக்கே பொதுங்க. சாவி இவங்களுக்காக மட்டும்தான்."

பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி நூற்றுப் பத்து. தங்கையைத் தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. கழுத்து வரை சிவந்திருந்தாள்.

இயந்திரத்தை நிறுத்தினாள். மேலங்கியைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"எட்டாவது கிடையாது. ஏழும் நல்லாத் திறக்குதான்னு முதல்ல நான் நேர்ல பாக்கணும். வாங்க போலாம்."

வேலைநாளில், பட்டப்பகலில், இரண்டு பேரும் பஸ் பிடிக்க ஓடினார்கள். பஸ் ஓட்டுகிறவரே பஸ்ஸுக்கு ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து ஒருவர் பெட்டிச் சாவியோடு வந்தார். "கடைக்காரம்மா எங்க?"

"பூட்டு பாக்கப் போயிருக்கா."

"எப்ப வருவாங்க?"

"தெரியலப்பா. ஏழு சாவி போட்டுப் பாக்கணும்."