லிஃப்ட் குழியில் மிதந்த விபூதி

தில்லியில் எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்டுக்காக விட்ட நாலு மாடிக் குழி மட்டும் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அதற்குள்தான் என் பெட்டியைப் போட்டுக்கொண்டிருந்தேன். விழுகிற ஒன்றரை நொடியும் பெட்டிக்குள் எதற்கும் எடை இருக்காது. அப்போது மெழுகுவர்த்திச் சுடர் எப்படி எரிகிறது என்று உள்ளிருக்கும் கேமரா படம் பிடிக்கும். அடியில் பழைய ரஜாய்ப் போர்வைகளை அடுக்கியிருப்போம். அடடா, அந்த ஒன்றரை நொடிக்காக நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவேன்.

அதற்கும் வந்தது வினை. குழியில் லிஃப்ட் வைப்பதா, எனக்கே விடுவதா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். குழி போனால் என் பிஎச்.டி.யும் போச்சு.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. சுடரைப் பற்றவைக்கும் ஒயரைச் சரிசெய்யப் பெட்டியைக் கிட்வாய் நகர் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தேன். வேலையை முடித்துக் குளிக்கப் போன நேரத்தில், அம்மா அதை அப்பாவின் ஸ்கூட்டருக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே உட்காரவைத்து, சந்தனம், குங்குமம், விபூதி என்று ஒரு வழி பண்ணிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்தேன்.

விஜயதசமி விடுமுறை முடிந்த மறுநாள் அதிகாரி நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். பெட்டியை விட்டேன். தொம். டேப்பைப் போட்டுக் காட்டினேன். சுடர் சுருங்கி, நீலமாகி, உருண்டையானது. எனக்குப் புல்லரித்தது. அவரோ, "புஜ் கயா," என்றார். அணைந்துவிட்டதாம்.

"யே க்யா உட் ரஹா ஹை?" என்ன பறக்கிறது என்று அவரே திரையைத் தொட்டார். பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைப் பொடி எழும்பி, விழாமல் அந்தரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. அடிப்பாவி அம்மா, உள்ளேயும் வைத்திருக்கிறாள்.

"ராக் ஹை, சார்," என்றேன். சாம்பல்தானே.

"ஃபிர் சே திகாவோ."

திரும்பத் திரும்ப ஏழு தடவை டேப்பைப் போட்டுக் காட்டினேன். ஏழாவது தடவை மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். "லிஃப்ட் ரஹ்னே தோ," லிஃப்ட் வேண்டாம் என்று கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, படியிலேயே இறங்கிப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "உள்ள எதுக்கும்மா விபூதி வச்ச?"

அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. "உள்ளதானட்டி வேல நடக்கு. வெளிய மட்டும் வச்சி என்ன பிரயோசனம்?"

குழி எனக்குத்தான் என்று சொல்லி அவளைத் தூக்கிச் சுற்றினேன். சந்தோஷத்தில் எனக்கே தலை கிறுகிறுத்தது.

"எறக்கி விடுட்டி, கெறக்கமா வருது. இனிமே வைக்கல, போதுமா?"

"வை," என்றேன். "உள்ளேயே வை."