தேநீரோடு கொடுத்த இரும்பு

காலை ஐந்தரை மணி. அடுப்பு வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது என் மனைவி புஷ்பாவின் உள்ளங்கை. வெளுத்திருந்தது. அந்தக் கையில் நான் ஒரு பொய்யை வைத்தேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முன், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அவள் கொழுந்து பறித்தாள். நான் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதினேன். அவள் வயிற்றில் எங்கள் முதல் பிள்ளை... உடம்பில் இரத்தம் போதவில்லை.

கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலையில் கூடையோடு குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஹட்டனில் மருந்துக்கடைக்கார நானா ஒரு வெளிநாட்டுப் பெட்டியைக் காட்டினார். “நானோ இரும்பாம் தம்பி. கண்ணுக்கே தெரியாத தூளாம். வயித்தப் பொரட்டாது, தேத்தண்ணியோடயும் குடிக்கலாம்னு போட்டிருக்கு. பெட்டி சொல்றதத்தான் நான் சொல்றேன்.”

பத்திரிகைக்காகக் கேட்பதுபோல் கிளினிக் டொக்டரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். “அவ்வளவு சின்னத் துகள் உடம்பில எங்க போகும், எங்க தங்கும் எண்டு எனக்குத் தெரியாது. பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கச் சொல்ல மாட்டன். எங்கட குளிசையைத் தண்ணியோட போடட்டும். தேத்தண்ணி அந்த நேரம் வேண்டாம், இரும்பை உடம்பில சேர விடாது.”

இருவரிடம் விசாரிக்காமல் ஒரு வரியும் எழுதாதவன் நான். விசாரித்தேன். பதிலும் கிடைத்தது. பிறகும் ஏன்?

அவள் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கும் நான் பஸ்ஸுக்கும் ஓடுவதற்கு முன், ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் குடிக்கும் அந்தச் சிறிது நேரம்தான் எங்களுடையது. அதை விட மனம் வரவில்லை. அவள் வாந்தி எடுப்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்தப் பெட்டியை வாங்கிவந்து, தூளை அவள் கையில் கொடுத்து, “டொக்டர் சரின்னுட்டாங்க” என்றேன். கிளினிக் குளிசையை நிறுத்தினேன்.

அடுத்த முறை கிளினிக்கில் சோதித்தபோது இரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. “குளிசை போடேல்லையே பிள்ளை?” என்று டொக்டர் கடிந்தார். புஷ்பா என்னைப் பார்த்தாள்.

“மறந்துட்டேங்க” என்றாள் அவரிடம்.

நான் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இறங்கி வரும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“டொக்டர் சரின்னிருந்தா பெட்டிய எதுக்கு அரிசி வாளிக்குள்ள ஒளிச்சீங்க? பேப்பர்காரரு புளுகுறாருன்னு ஊருக்கே தெரியணுமாக்கும்” என்று சிரித்தாள். மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தெரிந்தும் குடித்திருக்கிறாள்... எனக்காகவா, அந்தப் பலகைக்காகவா? அந்தத் தூள் அவள் இரத்தத்தில் சேர்ந்ததா, சேராமலே போனதா, வேறெங்காவது தங்கியதா என்பதும் எனக்குத் தெரியாது.

பிள்ளை பிறந்த அன்று புஷ்பாவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. கையை நீட்டினேன். சோதித்துப் பார்த்தார்கள்.

என் இரத்தம் அவளுக்குச் சேராத வகை.