மிதிக்காமல் விட்ட மூன்றாம் நாள்

உங்கள் அம்மா இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசி வைத்து நடப்பதை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். சென்ற வாரம் சின்னவள் அதே மாதிரி நடந்து காட்டினாள். எல்லோரும் சிரித்தீர்கள், அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தக் கால் அப்படி ஆனது எப்படி என்று உங்களிடம் வாயால் சொல்ல எனக்கு இதுவரை தைரியம் வந்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரிந்தமட்டில் எழுதுகிறேன்.

நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம். அப்படிக் கால்வழியாகப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து, புது நகருக்குத் தெரு போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அங்கே கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டைக் கேட்டுக் கேட்டு வருவார்கள். மூன்று நாள் காலையில், இரண்டு பேருமே வெறும் வயிற்றோடு இருந்து செய்ய வேண்டும். குதிகாலால் மூன்று தடவை அழுத்துவேன். மிதித்து முடிகிறவரை மிதிப்பவன் வாய் திறக்கக் கூடாது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வலி போய்விடும். மூன்று நாளில் தானாகவே போகிற வலிதான் அது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இத்தனைக்கும் என் காலே ஒழுங்கான கால் இல்லை. டிராம் கண்டக்டர் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். வலது பாதத்தில் கால் ஆணி, இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. வேலை முடிந்து வந்தால் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து உங்கள் அம்மாதான் தடவி விடுவாள்.

"ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கற காலுக்கு நான் வைத்தியம் பாக்கறேன். எனக்கு யாரு கூலி தர்றது?" என்பாள்.

பெரியவன் தொட்டிலில் இருந்த வருஷம், ஐப்பசி மழையில், கிணற்றடிப் பாசியில் அவள் வழுக்கி விழுந்தாள். நான் வேலையிலிருந்து திரும்பியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது கணுக்கால் புடைத்து, மொளி எலும்பு தெரியாமல் உருண்டையாகிவிட்டிருந்தது. புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டோம். விடிந்தும் வீக்கம் வடியவில்லை.

எனக்கு மனசில் ஏதோ உறுத்தியது. சுளுக்கு என்று வருகிறவர்கள் நொண்டிக்கொண்டாவது வருவார்கள். இவளால் ஓர் அடிகூட ஊன்ற முடியவில்லை. நான் தயங்கி நிற்பதைப் பார்த்துப் பக்கத்துக் குடித்தனத்துத் தையற்காரர் சிரித்தார்.

"வைத்தியரை ஊட்லயே வச்சிக்கினு இன்னா நைனா ரோசனை? மெதிச்சு உடு."

"ரொம்ப வீங்கிக்கீது, அதான் பாக்கறேன்," என்றேன்.

உங்கள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் மெதிக்கிறீங்க. பொண்டாட்டின்னா மட்டும் கால் கூசுதா?"

அவள் பாயில் காலை நீட்டிக்கொண்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை வைத்தேன். முதல் அழுத்தலில் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். இரண்டாவதில் என் காலுக்கடியில் 'களுக்'கென்று ஏதோ நகர்ந்தது.

"சுளுக்கு உட்டுச்சு," என்றார் தையற்காரர் சந்தோஷமாக.

நானும் அதை நம்பினேன். நம்பித்தான் மூன்றாவது தடவையும் அழுத்தினேன். அவள் முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டியது. வலிக்கிறதா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. பேசினால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டேன். மறுநாளும் அதேபோல் மூன்று தடவை.

மூன்றாம் நாள் காலையில் வாசலில் மீன்காரம்மா கூடையை இறக்கினாள். கரைக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிறவள். உள்ளே எட்டிப் பார்த்தவள் கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

"இன்னாம்மா இது, காலு கத்திரிக்கா கணக்கா கருத்துக்கீது?"

"அவரு மெதிக்கிறாரு. இன்னிக்கு மூணாவது நாளு," என்றாள் உங்கள் அம்மா.

மீன்காரம்மா கணுக்காலைத் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே, வீக்கமே இல்லாத இடத்தில் மெல்லப் பிடித்தாள். அதற்கே உங்கள் அம்மா துடித்துப்போனாள்.

"நைனா, கட்டுமரம் உருண்டு எம் புருசன் காலும் இப்பிடித்தான் இருந்திச்சு. இது சுளுக்கு இல்ல, எலும்பு. உங் காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோ. ரிக்‌ஷா இட்டாந்து ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போ."

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வெறும் விரிசலோடு நின்றிருக்க வேண்டிய எலும்பு இடம் விட்டு நகர்ந்திருக்கிறது என்றார்.

"யார் மிதிச்சது இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா, "தெருவுல போன யாரோ ஒருத்தர் சார்," என்றாள்.

"அவனைப் பார்த்தா போலீஸ்ல புடிச்சுக் குடுங்கோ," என்றார்.

அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் நான் பேசவில்லை.

எலும்பை இழுத்து வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி கிடந்தாள். நான் சமைத்தேன், தொட்டிலை ஆட்டினேன், வேலைக்கும் போய்வந்தேன். கட்டைப் பிரித்தபோது பாதம் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. முதல் நாளே வந்திருந்தால் நேராகச் சேர்ந்திருக்கும், இனிமேல் இப்படியே நடந்து பழக வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார்.

ஆகவே, பிள்ளைகளே, கால் பிசகினால் தேய்க்காதீர்கள், உருவாதீர்கள், யாரையும் மிதிக்க விடாதீர்கள். ஈரத்துணி சுற்றிக் காலை உயரத்தில் வைத்துக்கொண்டு படுங்கள். ஓர் அடி ஊன்ற முடியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்குப் பிறகு நான் யாரையும் மிதித்ததில்லை. வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். கர்வம் பிடித்தவன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் சொல்லிவிடலாம். சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மா இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. பெரிய மனசு என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அப்புறந்தான் புரிந்தது, அவள் வேறு ஒன்றை நம்புகிறாள்.

"மூணு நாள் மெதிக்க வேண்டியதை ரெண்டோட உட்டுட்டோம். மீன்காரம்மா அன்னிக்கு வராம இருந்திருந்தா சரியாப் போயிருக்கும்," என்கிறாள்.

படத்தில் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் காலுக்கடியில் நகர்ந்தது சுளுக்கில்லை, உன் எலும்பு என்றுகூடச் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். மழை பிடித்து அந்தக் கால் குடையத் தொடங்கினால் மறுபடி கேட்பாள்: "பாக்கி ஒரு நாள்தானே, மெதிச்சு உட்டுடுங்களேன்."

இன்று காலையிலிருந்து மழை. காபியைத் தொடாமல், பாயை விரித்து, இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வைத்திருக்கிறேன். நான் துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனால், அவள் துணியைப் பார்க்க மாட்டாள். என் காலைத்தான் பார்ப்பாள்.