கரடி பக்கமும் அப்பா பக்கமும்

காட்டுயிர் படித்தவர்களுக்கு இதுதான் வேலை என்று எதுவும் கிடையாது. எனக்கு முதலில் கிடைத்தது அறைக்குள். காட்டில் மரத்தில் கட்டிவைத்த கேமராக்கள் எடுத்த படங்களில் விலங்கு இருக்கிறதா என்று நாள் முழுக்க கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆடுகள்தான் இருந்தன. அப்பா நைனார்பாளையம் டீக்கடையில் "பொண்ணு கம்ப்யூட்டர் வேலை பாக்குது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடித்தார். அடுத்தது, பன்றி கிளறிப்போட்ட மரவள்ளிக் கொல்லைகளை அளந்து, விவசாயிகளிடம் திட்டு வாங்குவது. அதை அப்பா "கவர்மென்ட் வேல மாதிரி" என்றார். மூன்றாவது வேலையைச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. கல்வராயன் மலையில் கரடிப் பீ பொறுக்குவது.

கரடி பழத்தை விதையோடு விழுங்கும். வெளியே வந்த பிறகு அந்த விதை நன்றாக முளைக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மலைமேல் கரியாலூரில் பஸ் ஏறினால் கண்டக்டர் "பையில இன்னாம்மா?" என்பார். உண்மையைச் சொன்னதும் பக்கத்து சீட் காலியாகிவிடும். கள்ளக்குறிச்சி வரை காலை நீட்டிக்கொண்டு வருவேன். ஐ.டி. கம்பெனிக்குப் போனவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உண்டு. அதனால் வீட்டுக்குப் பின்னாலேயே நாற்றுப் பைகளை அடுக்கினேன். இடப்பக்கம் கரடி விழுங்கிய சரக்கொன்றை விதை, வலப்பக்கம் மரத்திலிருந்து நேராக எடுத்த விதை. ஒரே மண், ஒரே தண்ணீர். இடப்பக்கம் தளதளவென்று வந்தது. வலப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்த வித்தியாசத்தைக் காட்டினால்தான் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் என் வேலையை அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பார். "மேடம் பாக்க வராங்க. தண்ணி மட்டும் வுடுப்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மலைக்குப் போய் ஒன்றரை மாதம் தங்கிவிட்டேன்.

மேடத்தோடு திரும்பி வந்தபோது இடப்பக்கம் நான் நினைத்த மாதிரியே வளர்ந்திருந்தது. வலப்பக்கம் அதைவிடச் செழிப்பாக இருந்தது. ஒரு பை காலியில்லை.

அப்பா சலவை வேட்டியில் முன்னால் வந்தார்.

"நான்தாங்க பண்ணேன். புள்ள மலையில சுத்திக்கினு இருக்குது, இங்க பாதிப் பை மொளைக்கவே இல்ல. நீங்க வந்து திட்டப்போறீங்களேன்னு, மிச்சம் வச்சிருந்த விதைய சுடுதண்ணியில ஊறப்போட்டு மறுபடி நட்டேங்க. எருவும் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டேன். புள்ளமேல தப்பில்லீங்க."

மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "இதுபடி பாத்தா காட்டுக்குக் கரடியே தேவையில்ல, உங்கப்பா போதும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த பருவம் ஒழுங்காகச் செய்துகாட்டினால் வேலை நீடிக்கும், இல்லையென்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பியதும் அப்பாவிடம் கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் மொளைச்சா தானா மொளைக்கணும்பா. இல்லன்னா அப்படியே கெடக்கணும். அப்பதான் எனக்கு வேலை."

"மொளைக்காத பைய பாத்துக்கினு சும்மா இருக்கிறதா?"

"ஆமா."

"அதுக்கு சம்பளம் வேற குடுக்கிறாங்களா?"

காதில் விழக்கூடாதது விழுந்துவிட்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த பருவமும் பைகளை அதே இடத்தில்தான் வைத்தேன். வேறு இடம் ஏது? வலப்பக்கம் மறுபடியும் பாதி காலியாகவே கிடந்தது. எங்கள் வயல் வீட்டை ஒட்டியே பின்னால் இருக்கிறது. பின்கதவைத் திறந்து, பைகளைத் தாண்டினால் வரப்பு. ஆனால் அப்பா தினமும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனார். ஒருநாள் பொறுக்காமல் ஏன் என்று கேட்டேன்.

"பாத்தா கை சும்மா இருக்காது பாப்பா" என்றார். "நீ உன் வேலைய பாரு."