மாடியில் ஒரு நீண்ட சஜ்தா

என் அண்ணி தையல்காரி. அண்ணன் போன பிறகு பள்ளிக்கூடச் சீருடை தைத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். எந்த வேளைத் தொழுகையையும் விடமாட்டாள். ஓதுவதெல்லாம் சின்ன வயதில் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது. அர்த்தம் ஒன்றும் தெரியாது. அதுதான் அவளுக்குத் தீராத குறை.

"அல்லாகிட்ட பேசுறேன், என்ன பேசுறேன்னு எனக்கே தெரியல. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பாள்.

பள்ளிவாசல் மாடியில் பெண்களுக்கென்று ஒரு கூடம் உண்டு. கீழே தொழ வைக்கும் இமாமை அங்கிருந்து பார்க்க முடியாது. சுவரில் தொங்கும் ஸ்பீக்கர்தான் எங்களுக்கு இமாம். அந்தக் கூடத்தில் பெண்களுக்கு வகுப்பு வையுங்கள் என்று அண்ணி நிர்வாகியை நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"பொம்பளைங்களுக்கு ஆயிரம் வேலை, யாரும்மா வரப்போறா?" என்று அவரும் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷருக்கு எங்கள் வேலையின் கணக்கு எப்படித் தெரிந்ததோ!

ஒருநாள் சாயங்காலத்து அசர் தொழுகை, கடைசிச் சுற்று ரக்அத். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தோம். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. 'அல்லாஹு அக்பர்' என்று காதில் விழுந்தால்தானே எழ முடியும்? இமாமை முந்தக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். முந்தாமல் கிடந்தோம். எனக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஓரக்கண்ணால் பார்த்தால், பக்கத்தில் இருந்தவளும் ஓரக்கண்ணால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆண்கள் பேசிக்கொண்டு வெளியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் தொழுகை முடிந்துபோனதே புரிந்தது.

எல்லோரும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஹஜ்ரத், சத்தம் நின்னுட்டா நாங்க என்ன செய்யணும்?"

"இமாமை விட்டுப் பிரியறதா மனசுல நினைச்சுக்கிட்டு, மீதியைத் தனியா தொழுது முடிக்கணும்மா. இது தெரியாதா?" என்றார் இமாம்.

"சொல்லிக் கொடுத்தாத்தானே தெரியும்?"

இமாம் பக்கத்தில் நின்ற நிர்வாகியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு எங்க மேலதான். என் வீட்டுக்காரி மார்க்கக் கல்வி படிச்சு ஆலிமா பட்டம் வாங்கினவங்க. நாளைக்கே மாடிக்கு வருவாங்க."

நிர்வாகி செருப்பைத் தேடுகிற சாக்கில் நழுவினார். அந்த மனுஷருக்காக நான் இன்றும் துஆ செய்கிறேன். இமாமுக்குத்தான். சரி, நிர்வாகிக்கும் கொஞ்சம்.

மறுநாள் உட்காரப் பாய் போதவில்லை. ஆலிமாவுக்கு அண்ணியின் மகள் வயதுதான் இருக்கும். தொழுகையில் ஓதுவதையெல்லாம் வாரா வாரம் சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னாள். இரண்டு சஜ்தாக்களுக்கு நடுவே உட்கார்ந்து ஓதும் சின்ன துஆவுக்கு ஒருநாள் வந்தாள்.

"என்னை மன்னிச்சுடு, என்மேல இரக்கம் காட்டு, நான் நொடிஞ்சு போனா என்னைச் சரிப்படுத்து, எனக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்."

அண்ணி கையை உயர்த்தினாள். "இதையா நான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"ஆமாக்கா. ஒவ்வொரு தொழுகையிலயும்."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"என்ன கேக்கிறோம்னே தெரியாம கேட்டிருக்கேன். அவன் ஒண்ணு விடாம கொடுத்திருக்கான்."