திறக்காத லாரிக் கதவு

பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கார் பொம்மை ஒன்றை மகள் வாங்கியிருந்தாள். அதில் கதவு தனியாக இல்லை, உடம்போடு சேர்த்தே வார்த்திருந்தார்கள். அதைத் திறந்த கதவாக்க, பிளேடால் கோட்டைக் கீறிக்கொண்டிருந்தாள். அந்தக் கிரீச் சத்தம் என்னை அருப்புக்கோட்டையில் நாங்கள் இருந்த தறிக்காரத் தெருவுக்குக் கொண்டுபோனது.

சவூதியில் லாரி ஓட்டிய அப்பா ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தார். யாரோடும் பேசவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்து கொண்டுவந்த உள்ளங்கையளவு லாரி பொம்மையை பிளேடால் கீறியபடியே இருந்தார். தறிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அந்தக் கிரீச் கேட்கும்.

"அதுக்குள்ள என்னத்தையோ ஒளிச்சுக் கொண்டாந்திருக்காக" என்று அம்மா தன் அண்ணனிடம் சொன்னாள். தங்கமாக இருக்குமோ, போலீஸ் வருமோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா நேராக உள்ளே போய் லாரியைப் பறித்தார். "உள்ள என்ன மாப்ள இருக்கு?"

அவர் அழுத்தியதில் லாரியின் கூரை பிளந்தது. உள்ளே சீட்டைத் தவிர ஒன்றுமில்லை. கதவு மட்டும் அப்படியே ஒட்டியிருந்தது.

அப்பா துண்டுகளைப் பொறுக்கினார். "கூட ஓட்டுனவன் வண்டி தீப்பிடிச்சிருச்சு மச்சான். வெளிய நின்னு இழுத்து இழுத்துப் பாத்தேன். கதவு திறக்கல."

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்து லாரியை இரண்டு கையாலும் பிடித்தாள். "நான் பிடிச்சுக்கிறேன். நீங்க அறுங்க."

சாயந்தரம் கதவு தனியாகக் கழன்று வந்தது. ஊருக்கு வந்தபின் அப்போதுதான் அப்பா அழுதார்.